கடலடியில் கடல்நீரைப் பதப்படுத்தி எண்ணெய்த் தேக்கத்தில் செலுத்தும் நிலையம்: அறிகுறிகளைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

எண்ணெய் எடுக்க எடுக்கத் தேக்கப் பாறையின் அழுத்தம் இறங்குகிறது. அதை ஈடுகட்டவும், எஞ்சியிருக்கும் எண்ணெயை உற்பத்திக் கிணறுகளை நோக்கித் தள்ளவும் கடல்நீரைச் செலுத்துவது கடல்சார் எண்ணெய் வயல்களில் பழகிப்போன வேலை. வழக்கமாக அந்த நீரை மேடையின் மேல்தளத்துக்கு ஏற்றி, வடிகட்டி, ஆக்சிஜன் நீக்கி, மீண்டும் கீழே அனுப்புவார்கள். பதப்படுத்தும் வேலையையே கடற்படுகைக்கு இறக்கிவிட்டால் மேடையில் இடமும் எடையும் மிச்சமாகும். நீண்ட குழாய்ப்பாதையும் தேவைப்படாது. இந்த வழிமுறை அவ்வாறு கீழே இறக்கப்பட்ட நிலையத்துக்கானது.

நீர் நுழைவாய், மின்குளோரினேற்றி, துகள்களைப் படியவிடும் தெளிவுத் தொட்டி, சில இடங்களில் சல்பேட்டை நீக்கும் நானோ வடிகட்டிச் சவ்வுகள், உயர் அழுத்தப் பம்பு, கிணற்றுக்குச் செல்லும் குழாய் ஆகியவை இதன் உறுப்புகள். எல்லா நிலையங்களிலும் எல்லா உறுப்புகளும் இருப்பதில்லை. நார்வே கடற்பகுதியிலுள்ள டிரிஹான்ஸ் வயலில் கடலடிப் பம்புகள் பெரும்பாலும் பதப்படுத்தாத கடல்நீரையே செலுத்தும்படி அமைக்கப்பட்டன. உங்கள் நிலையத்தில் இல்லாத உறுப்புக்கான பகுதியைத் தாண்டிச் செல்லலாம்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அழுத்தத்தில் நேரும் கோளாறு அன்றைக்கே திரையில் தெரிந்துவிடும், அதனால் எல்லோரும் அதன் பின்னால் ஓடுவார்கள். நீரின் தரத்தில் நேரும் கோளாறோ ஓசையின்றிப் பாறைக்குள் இறங்கி, மாதங்களோ ஆண்டுகளோ கழிந்த பிறகு, திரும்ப எடுக்க முடியாத வடிவில் வெளிப்படும். ஆகவே இரண்டு அறிகுறிகள் ஒரே நேரத்தில் தோன்றினால், நீரின் தரத்தைச் சொல்லும் அறிகுறியை முதலில் கவனிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியவை

கடற்படுகையில் நடப்பதை நாம் நேரில் பார்ப்பதில்லை. அளவிகள் சொல்வதை மட்டுமே கேட்கிறோம். ஆர்ஓவி எனப்படும் தொலைவியக்க நீர்மூழ்கிக் கருவியை இறக்குவதற்குத் தனிக் கப்பல் வேண்டும், அமைதியான வானிலையும் வேண்டும். எனவே கப்பலைக் கேட்பதற்கு முன்பே மேலிருந்து சோதிக்கக்கூடிய அனைத்தையும் சோதித்து முடித்திருக்க வேண்டும்.

முதல் கேள்வி, அளவி சொல்வது உண்மையா என்பது. பம்பை நிறுத்தி, நுழைவாய்ப் பக்கத்து வால்வுகளைத் திறந்து வைத்தால், கடலோடு தொடர்புள்ள எல்லா அழுத்த அளவிகளும் அந்த ஆழத்துக்குரிய கடல் அழுத்தத்தையே காட்டியாக வேண்டும். ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்துக்கு 1 பார். ஒன்று மட்டும் விலகி நின்றால் பிழை அந்த அளவியில் இருக்கிறது. கப்பலின் உதவியின்றி அளவிகளைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஒவ்வொரு திட்டமிட்ட நிறுத்தத்தின்போதும் இந்த எண்களைக் குறித்து வைப்பவர்கள், பிழை வரும் நாளில் ஒரு மணி நேரத்தில் முடிவுக்கு வருகிறார்கள்.

கடலின் ஓதத்தையும் மறந்துவிடக் கூடாது. நீர்மட்டம் 3 மீட்டர் ஏறி இறங்கும் இடத்தில் நுழைவாய் அழுத்தம் 0.3 பார் அளவுக்குத் தானே ஏறி இறங்கும். சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் அலைவைக் கண்டால், கருவியைச் சந்தேகிக்கும் முன் ஓத அட்டவணையை அருகில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி, மாற்றம் படியாக வந்ததா, சரிவாக வந்ததா என்பது. சில நிமிடங்களுக்குள் எண் குதித்திருந்தால் வால்வு, உடைப்பு, அளவி, மின் இணைப்பு ஆகியவற்றை நோக்கிச் செல்ல வேண்டும். பல நாள்களாக மெல்ல நகர்ந்திருந்தால் படிவு, தேய்மானம், உயிர்ப்படலம் (நுண்ணுயிர்கள் பரப்பில் ஒட்டி வளரும் வழுவழுப்பான படலம்) ஆகியவற்றை நோக்கிச் செல்ல வேண்டும். இந்த ஒரு பாகுபாடே பாதி வேலையை முடித்துவிடும்.

அறிகுறி: கிணற்றுக்குள் செல்லும் நீரின் அளவு குறைகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். பம்பு, குழாய், கிணறு என மூன்று இடங்களில் காரணம் இருக்கலாம். இவற்றைப் பிரிக்கப் பம்பின் வேகத்தை மாற்றாமல் வைத்து, ஓட்டத்தையும் பம்பு ஏற்றித்தரும் அழுத்தத்தையும் ஒருசேரப் பார்க்க வேண்டும். ஓட்டம் குறைந்து அழுத்த ஏற்றம் கூடியிருந்தால், பம்பு தன் பண்புக்கோட்டின் (ஓட்டத்துக்கேற்ப அழுத்த ஏற்றம் மாறுவதைக் காட்டும் கோடு) மேலேயே நகர்ந்திருக்கிறது. அதாவது பம்பு நலமாக இருக்கிறது, அதற்குப் பின்னால் எங்கோ தடை கூடியிருக்கிறது. ஓட்டமும் அழுத்த ஏற்றமும் சேர்ந்தே குறைந்திருந்தால், பம்பின் உட்பாகம் தேய்ந்திருக்கலாம், அல்லது ஓட்டமானிக்கு முன்னுள்ள, நீரைப் பம்பின் உள்வாய்க்கே திருப்பிவிடும் மீள்சுற்று வால்வு முழுதாக மூடாமல் இருக்கலாம். ஓட்டமானி பம்பை அடுத்து இருக்கும் நிலையங்களில் ஓட்டம் கூடி அழுத்தம் மட்டும் வீழ்ந்தால், நீர் கிணற்றுக்குப் போகாமல் கடலுக்கே போகிறது என்று கொள்ள வேண்டும். குழாய்க் கசிவுக்கு அதுவே முதல் அடையாளம்.

வேகம் மாறியிருந்தால் நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஓட்டம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், அழுத்த ஏற்றம் வேகத்தின் இருமடியிலும், மின்திறன் வேகத்தின் மும்மடியிலும் மாறும் என்ற விதியைக் கொண்டு பழைய எண்களைப் புதிய வேகத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். வேகத்தை 10 விழுக்காடு குறைத்தால் அழுத்த ஏற்றம் 19 விழுக்காடு குறையும். இதை அறியாதவர் பம்பு தேய்ந்துவிட்டது என்று எழுதிவிடுவார்.

பம்புக்குப் பின்னால் தடை கூடியிருக்கிறது என்று உறுதியானால், அது குழாயிலா கிணற்றிலா என்று பார்க்க வேண்டும். பம்பின் வெளிவாய்க்கும் கிணற்றுத் தலைக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு பழைய அளவிலேயே இருந்தால் குழாயில் குற்றமில்லை. அடுத்து, கிணற்றுத் தலையில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக் வால்வின் இருபுறத்து அழுத்தங்களையும் பார்க்க வேண்டும். சோக் வால்வு எத்தனை விழுக்காடு திறந்திருக்கிறது என்று திரை காட்டுவது பல அமைப்புகளில் கட்டளைகளின் எண்ணிக்கையால் கணக்கிடப்பட்ட மதிப்பு. ஒரு கட்டளை தவறினால்கூட அந்த எண்ணும் உண்மை நிலையும் பிரிந்துவிடும்.

கிணறுதான் காரணம் என்றால் ஹால் வரைபடத்தை வரைய வேண்டும். 1963-இல் ஹால் முன்வைத்த இந்த முறையில், செலுத்தும் அழுத்தத்துக்கும் தேக்க அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாள்களால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே வந்து, அதுவரை செலுத்திய மொத்த நீருக்கு எதிராகக் குறிக்கிறோம். கோடு நேராகச் சென்றால் கிணற்றின் ஏற்புத்திறன் மாறவில்லை. கோடு மேல்நோக்கி வளைந்தால் பாறையின் முகப்பு அடைபடுகிறது. கீழ்நோக்கி வளைந்தால் பாறை பிளந்து நீர் எளிதாக நுழைகிறது. குளிர்ந்த கடல்நீர் சூடான பாறையைச் சுருங்கச் செய்வதால், எதிர்பார்த்ததைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே பிளவு தோன்றுவது உண்டு. தினசரி எண்களில் தெரியாத வளைவு இந்த வரைபடத்தில் தெளிவாகத் தெரியும்.

மேல்நோக்கி வளைவதைக் கண்டதும் பம்பின் வேகத்தைக் கூட்டி இலக்கு அளவை எட்டிப்பிடிக்கும் பழக்கத்தை நான் பல முறை பார்த்திருக்கிறேன், அதை எதிர்க்கிறேன். அடைப்பை உண்டாக்கிய நீரே அதிக அழுத்தத்தில் தொடர்ந்து போகும். ஒருநாள் பாறை பிளக்கும் அழுத்தத்தைத் தாண்டும். பிளவு மேலுள்ள மூடுபாறையை எட்டினால் நீர் தேக்கத்தை விட்டே வெளியேறிவிடலாம். வேகத்தைத் தொடும் முன் கீழ்க்காணும் துகள் பற்றிய பகுதியையும் குளோரின் பற்றிய பகுதியையும் முடித்துவிட்டு வாருங்கள்.

அறிகுறி: பம்பின் உள்வாய் அழுத்தம் குறைகிறது

கடலடியில் பம்புக்குத் தேவையான உள்வாய் அழுத்தத்தைக் கடலே தருகிறது. 300 மீட்டர் ஆழத்தில் சுமார் 30 பார் இயல்பாகவே இருக்கும் என்பதால் குறைந்த அழுத்தத்தில் நீராவிக் குமிழிகள் தோன்றி வெடிப்பதால் வரும் சேதம் அரிது. ஆகவே உள்வாய் அழுத்தம் கடல் அழுத்தத்தைவிட வழக்கத்துக்கு மாறாக இறங்கினால், நுழைவாய் வலையிலோ இடைப்பட்ட பாதையிலோ அடைப்பு என்றே கொள்ளலாம். ஓட்டத்தைப் பாதியாக்கிப் பாருங்கள்: அடைப்பினால் வரும் இழப்பு ஏறத்தாழ கால்பங்காகக் குறையும், அளவி விலகலாக இருந்தால் குறையாது. சிறிது நேரம் நிறுத்தி வைத்து மீண்டும் தொடங்கும்போது அழுத்தம் மீண்டால், வலையில் ஒட்டியது கழன்று விழுந்திருக்கிறது. மீளாவிட்டால் ஓடுடைய உயிரினங்கள் பற்றியிருக்கின்றன. அதற்கு ஆர்ஓவி தேவை.

அறிகுறி: தெளிந்த நீரில் துகள்கள் கூடுகின்றன

தெளிவுத் தொட்டியின் வேலை எளியது. நீரை மெல்ல நகரவிட்டு, கனமானவற்றைத் தம் எடையாலேயே படியச் செய்வது. ஆனால் அது எவ்வளவு மெல்ல நடக்கிறது என்பதை எண்ணாகப் பார்த்தால்தான் பிழைகள் புரியும். குளிர்ந்த கடல்நீரில் 10 மைக்ரான் விட்டமுள்ள ஒரு மணல்துகள் மணிக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் மட்டுமே இறங்கும். 20 மைக்ரான் துகள் அதைப்போல நான்கு மடங்கு வேகத்தில் இறங்கும். 5 மைக்ரான் துகளோ மணிக்கு 5 சென்டிமீட்டர்தான். படியும் வேகம் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், சிறு துகள்களிடம் நாம் எதிர்பார்க்கக்கூடியது மிகக் குறைவு.

இதிலிருந்து முதல் சோதனை கிடைக்கிறது. அண்மையில் ஓட்டத்தை உயர்த்தினீர்களா? தொட்டியின் பரப்பு மாறாதிருக்க ஓட்டம் இரட்டித்தால், முழுமையாகப் படியக்கூடிய மிகச் சிறிய துகளின் விட்டம் ஏறத்தாழ 1.4 மடங்காகிறது, நேற்றுவரை பிடிபட்ட துகள்கள் இன்று கிணற்றுக்குப் போகின்றன. தொட்டியில் உடைப்பு எதுவும் தேவையில்லை.

ஓட்டம் மாறவில்லை என்றால், தொட்டிக்குள் நீர் குறுக்குவழி பிடித்திருக்கலாம். உள்நுழையும் நீரைப் பரப்பிவிடும் தடுப்புத் தகடு கழன்றால், நீர் ஒரே கீற்றாக வெளிவாய்க்குப் பாய்ந்துவிடும். தொட்டியின் பெரும்பகுதி அசையாத நீரோடு சும்மா இருக்கும். இதை மேலிருந்தே கண்டுபிடிக்கலாம். குளோரின் அளவைத் திடீரெனக் கூட்டிவிட்டு, வெளிவாயில் அந்த மாற்றம் எத்தனை நிமிடம் கழித்துத் தெரிகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரம் தங்க வேண்டிய நீர் பத்து நிமிடத்தில் வந்துவிட்டால் விடை கிடைத்துவிட்டது.

அடுத்த காரணம், படிந்த சேறு வெளியேற்றப்படாமல் உயர்ந்து, ஓடும் நீரின் அடிப்பகுதியைத் தொடுவது. சேறு வெளியேற்றும் சுற்று ஒழுங்காக நடந்ததா என்று பதிவுகளைப் பாருங்கள். வெளியேற்றப்பட்ட சேறு எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நீரோட்டம் திரும்பும் நேரத்தில் அதே கலங்கல் நுழைவாய்க்கே வந்து சேரும் அமைப்புகள் உண்டு. அப்போது துகள் எண்ணிக்கை ஓதத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். சேறு வெளியேற்றும் நேரத்தை நீரோட்டத் திசைக்கேற்ப மாற்றுவதே தீர்வு. அதற்குக் கப்பல் தேவையில்லை.

மாதிரி நீர் மேலே வந்தால் அதை 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, தாளைக் கண்ணால் பாருங்கள். கருவி தரும் எண் மட்டும் போதாது. சாம்பல் நிறத்தில், உலர்ந்ததும் உதிரும் மெல்லிய பொடி படிந்திருந்தால் அது கடற்படுகையின் மண், தொட்டியைத் தேடுங்கள். செம்பழுப்பாக இருந்து, ஒரு துளி நீர்த்த அமிலத்தில் கரைந்து மஞ்சளானால் துரு, குழாயைத் தேடுங்கள். பச்சை கலந்த பழுப்பாக, தாளோடு ஒட்டி, இடுக்கியால் தொட்டால் வழுக்கினால் அது உயிர்ப்பொருள். அடுத்த பகுதிக்கு வாருங்கள். இந்த ஒரு தாள் பல நாள் விவாதத்தை முடித்து வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: எஞ்சிய குளோரின் குறைகிறது

மின்குளோரினேற்றி கடல்நீரிலுள்ள உப்பிலிருந்தே ஹைப்போகுளோரைட்டை உருவாக்குகிறது. கடல்நீரில் லிட்டருக்கு 65 மில்லிகிராம் அளவுக்குப் புரோமைடு இருப்பதால், உருவான குளோரின் விரைவிலேயே புரோமின் சேர்மமாக மாறிவிடும். நாம் அளப்பது உண்மையில் மொத்த ஆக்சிஜனேற்றிகளின் எச்சம். அந்த எச்சம் குறைந்தால், உற்பத்தி குறைந்ததா, செலவு கூடியதா என்று முதலில் பிரிக்க வேண்டும்.

உற்பத்தியைக் கணக்கால் சோதிக்கலாம். 1 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் கோட்பாட்டளவில் 1.32 கிராம் குளோரின் உண்டாகும். நாளொன்றுக்கு 5,000 கன மீட்டர் நீருக்கு, அதாவது மணிக்குச் சுமார் 208 கன மீட்டருக்கு, லிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் குளோரின் கொடுக்க மணிக்கு 208 கிராம் வேண்டும்; ஒற்றை மின்கலமாக இருந்தால் குறைந்தது 158 ஆம்பியர் தேவை, நடைமுறை இழப்புகளையும் சேர்த்தால் இன்னும் அதிகம். உங்கள் பதிவில் மின்னோட்டம் இதற்குக் கீழே இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

மின்னோட்டம் சரியாக இருந்து, அதைத் தள்ளத் தேவைப்படும் மின்னழுத்தம் மட்டும் வாரக்கணக்கில் ஏறிக்கொண்டே போனால், எதிர்முனைத் தகட்டில் மக்னீசியம் ஹைட்ராக்சைடும் கால்சியம் கார்பனேட்டும் படிந்திருக்கும். முனைமாற்றம் (நேர்முனையையும் எதிர்முனையையும் இடம்மாற்றி மின்சாரம் பாய்ச்சுதல்) செய்தவுடன் மின்னழுத்தம் பழைய நிலைக்கு இறங்கினால் படிவு என்பது உறுதி. இறங்காவிட்டால் நேர்முனையின் மேற்பூச்சு தேய்ந்திருக்கிறது, அல்லது மின் இணைப்பானில் தடை கூடியிருக்கிறது. முனைமாற்றம் பூச்சின் ஆயுளைக் குறைக்கும் என்பதால், மின்னழுத்தம் ஏறும் வேகத்தை அறிந்து தேவையான இடைவெளியில் மட்டும் அதைச் செய்ய வேண்டும். ஆழ்கடலின் குளிரும் இங்கே ஒரு காரணி: நீர் மிகவும் குளிர்ந்திருக்கும்போது நேர்முனையில் குளோரினுக்குப் பதிலாக ஆக்சிஜன் உருவாவது கூடும், பூச்சும் விரைவில் அழியும். மேற்பரப்பு நீருக்கு வடிவமைத்த மின்முனையை 4 டிகிரி செல்சியஸ் நீரில் அதே மின்னடர்த்தியில் ஓட்டுவது தவறு.

மின்னோட்டமும் மின்னழுத்தமும் சரியாக இருந்தும் எச்சம் குறைந்தால், செலவுதான் கூடியிருக்கிறது. மிதவையுயிரிகள் பெருகும் பருவத்தில் இது இயல்பு. அப்படியில்லாத பருவத்தில், தொட்டியின் சுவரில் உயிர்ப்படலம் வளர்ந்து குளோரினை உண்கிறது என்று கொள்ளுங்கள். இரண்டையும் பிரிக்க, மின்குளோரினேற்றியை அடுத்துள்ள அளவியையும் தொட்டியின் வெளிவாய் அளவியையும் ஒப்பிட வேண்டும். நீரே தூய்மையற்றதாக இருந்தால் இழப்பின் பெரும்பகுதி முதல் சில நிமிடங்களிலேயே நடந்துவிடும், முதல் அளவியிலேயே எண் குறைந்து தெரியும். படலம் காரணமானால் முதல் அளவி சரியாகவும் இரண்டாவது அளவி குறைவாகவும் இருக்கும்.

மாதிரியை மேலே கொண்டுவந்து குளோரினை அளந்தால் கிடைப்பது பொய்யான எண். ஆர்ஓவி மேலேறி, புட்டி தளத்தை அடைந்து, ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் எச்சம் கரைந்துபோயிருக்கும். அந்த எண்ணை நம்பி அளவைக் கூட்டியதால், பின்னாலுள்ள சவ்வுகள் பாழானதுண்டு. பாக்டீரியா எண்ணிக்கைக்கு நிலைமை நேர் எதிரானது: புட்டிக்குள் அவை பெருகும். குளோரினை உடனே முறித்து, குளிரில், இருளில் வைத்து, அன்றே வளர்ப்பு ஊடகத்தில் இட வேண்டும்.

பம்பு நின்ற பிறகும் மின்குளோரினேற்றி ஓடிக்கொண்டிருந்தால் ஹைட்ரஜன் சேரும். ஆழத்தில் அது நீரில் கரைந்தே இருக்கும். ஆழம் குறைந்த இடத்தில் தொட்டியின் மேற்பகுதியில் வாயுப்பையாகத் தங்கிவிடும். ஓட்டம் நின்றவுடன் மின்சாரம் நிற்கும் இடைப்பூட்டு வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் சோதியுங்கள்.

அறிகுறி: சவ்வுகளில் அழுத்த வேறுபாடு ஏறுகிறது, அல்லது சல்பேட் கசிகிறது

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2,700 மில்லிகிராம் சல்பேட் இருக்கிறது. தேக்கத்து நீரில் பேரியம் இருந்தால் இரண்டும் கலக்கும் இடத்தில் பேரியம் சல்பேட் படியும். அமிலத்தில் கரையாத, குழாயை அடைக்கும் படிவு அது. இதற்காகவே நானோ வடிகட்டல் வந்தது; வடகடலின் பிரே வயலில் 1988-இல் முதல் சல்பேட் நீக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவருவது வழக்கமான இலக்கு. கடலடியில் இதில் ஒரு வசதி உண்டு: பம்பைச் சவ்வுக்குப் பின்னால் வைத்து இழுத்தால், கடலின் அழுத்தமே நீரைச் சவ்வின் வழியே தள்ளிவிடும்.

மூன்று எண்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்: முன்பக்கத்திலிருந்து கழிவுநீர்ப் பக்கம்வரை உள்ள அழுத்த வேறுபாடு, வெப்பநிலைக்கேற்பத் திருத்திய தூயநீர் ஓட்டம், தூயநீரிலுள்ள சல்பேட். வெப்பநிலை ஒரு டிகிரி இறங்கினால் ஓட்டம் ஏறத்தாழ 3 விழுக்காடு குறையும் என்பதால், திருத்தாத எண்ணைக் கொண்டு எதையும் முடிவு செய்யக் கூடாது.

அழுத்த வேறுபாடு ஏறி, அதுவும் முதல் கட்டத்திலேயே ஏறினால், உயிர்ப்படலம். அப்படி ஒரு முன்வரிசைச் சவ்வுச் சுருளை மேலே கொண்டுவந்து பார்த்தபோது, அதன் முகப்பு முழுவதும் பழுப்பு நிறக் கொழகொழப்பு படிந்திருந்தது. விரலால் இழுத்தால் நூலாக நீண்டது. பின்வரிசைச் சுருள்கள் வெள்ளையாகவே இருந்தன. இந்த வேறுபாட்டைத் திரையில் பார்க்க முடியாது. ஆனால் முதல் கட்டத்தின் எண்ணும் இரண்டாம் கட்டத்தின் எண்ணும் அதையே சொல்லிக்கொண்டிருந்தன. பாலியமைடு சவ்வு குளோரினைத் தாங்காது என்பதால் குளோரினை முறித்த பிறகே நீர் அதற்குள் போகிறது. குளோரின் இல்லாத அந்த இடத்தில்தான் நுண்ணுயிர் செழிக்கிறது. ஆக்சிஜனேற்றம் செய்யாத நுண்ணுயிர்க்கொல்லியைக் குறிப்பிட்ட இடைவெளியில் கொடுப்பதே வழி. அழுத்த வேறுபாடு தொடக்க அளவைவிட 15 விழுக்காடு ஏறியவுடன் கழுவ வேண்டும். அதற்கு மேல் விட்டால் கழுவியும் முழுதாக மீளாது.

ஓட்டம் கடைசிக் கட்டத்தில் மட்டும் குறைந்தால் உப்புப் படிவு. மேலிருந்து படிவுத் தடுப்பானைக் கொண்டுவரும் குழாய்க்கட்டான அம்பிலிக்கலைச் சோதித்து, கழிவுநீர் விகிதத்தைச் சற்றுக் கூட்டுங்கள்.

ஓட்டம் கூடுகிறது, சல்பேட்டும் கூடுகிறது என்றால் மனம் மகிழ வேண்டாம். சவ்வு ஆக்சிஜனேற்றத்தால் சிதைகிறது என்பதற்கு அது அடையாளம். குளோரினை முறிக்கும் பைசல்பைட் போதுமான அளவில் வருகிறதா என்று உடனே பாருங்கள். 1 மில்லிகிராம் குளோரினுக்குக் கோட்பாட்டளவில் சுமார் 1.5 மில்லிகிராம் சோடியம் பைசல்பைட் வேண்டும், நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே கொடுக்க வேண்டும். ஓட்டம் மாறாமல் சல்பேட் மட்டும் திடீரெனக் கூடினால் இணைப்பு வளையம் விலகியிருக்கிறது. சவ்வுச் சுருள்கள் உள்ள கலன்களை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தால் எந்தக் கலன் என்று தெரிந்துவிடும். அதைத் தனிமைப்படுத்தி மற்றவற்றோடு தொடரலாம்.

அறிகுறி: நீரில் இரும்பு கூடுகிறது

உங்கள் அமைப்பு ஆக்சிஜனோடு கூடிய நீருக்கு வடிவமைக்கப்பட்டதா, ஆக்சிஜன் நீக்கிய நீருக்கு வடிவமைக்கப்பட்டதா என்பதே இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முதல் வகையில் உயர்தர இரட்டைக்கட்ட எஃகோ கண்ணாடியிழை உள்ளுறையோ இருக்கும். அங்கே இரும்பு தெரிந்தால் உள்ளுறையின் இணைப்பில் பிளவு ஏற்பட்டிருக்கலாம். இரண்டாம் வகையில் கார்பன் எஃகு இருக்கும். ஆக்சிஜன் லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது.

ஆக்சிஜன் முழுவதையும் வேதிப்பொருளால் மட்டும் நீக்க நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 6 மில்லிகிராம் ஆக்சிஜன் உள்ள 5,000 கன மீட்டர் நீரில் 30 கிலோ ஆக்சிஜன் இருக்கிறது. அதற்கு நாளொன்றுக்குச் சுமார் 186 கிலோ அம்மோனியம் பைசல்பைட் வேண்டும், அது கரைசலாக அம்பிலிக்கல் வழியே வர வேண்டும். குளிர்நீரில் வினையும் மெதுவாகவே நடக்கும். எஞ்சியிருக்கும் குளோரினும் அதில் பங்கு கேட்கும். இரும்பு கூடியதும் அளவைக் கூட்டுவதற்கு முன், மருந்து சேரும் இடத்துக்கும் கார்பன் எஃகு தொடங்கும் இடத்துக்கும் இடையே வினைக்குப் போதிய நேரம் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: பம்பின் காப்புத் திரவம் அதிகம் செலவாகிறது

மோட்டாருக்குள் இருக்கும் காப்புத் திரவம் கடல்நீரைவிடச் சற்று மேலான அழுத்தத்தில் வைக்கப்படுகிறது. அடைப்பு வளையம் கசிந்தால் திரவம் வெளியே போகும், நீர் உள்ளே வராது. சிறிது செலவு இயல்பு. பம்பு தொடங்கும்போதும் நிற்கும்போதும் மட்டும் செலவு கூடினால் அது வெப்பத்தால் திரவம் விரிந்து சுருங்குவதால் வருவது. சீராக ஓடும்போதும் நாளுக்கு நாள் ஏறினால் வளையம் தேய்கிறது. பம்பை மாற்றும் கப்பலுக்கு அப்போதே பதிவு செய்யுங்கள். மோட்டாரின் காப்பு மின்தடையும் சேர்ந்து இறங்கினால் காத்திருக்கக் கூடாது.

அறிகுறி: நிறுத்திய பிறகு தொடங்கும்போது கிணறு நீரை ஏற்பதில்லை

மூன்று காரணங்கள் உண்டு. வால்வைச் சட்டென மூடியதால் எழுந்த நீரதிர்ச்சி முதலாவது: நீரின் வேகம் நொடிக்கு 1 மீட்டர் திடீரெனக் குறைந்தால், எஃகுக் குழாயில் சுமார் 13 பார் அழுத்த அலை எழும். அது கிணற்றின் அடிவரை சென்று, இறுகாத மணற்பாறையைக் குலைத்து, மணலைக் கிணற்றுக்குள் கொட்டும். இரண்டாவது, ஒருவழி வால்வு கசிந்து வாயு மேலேறிவிடுவது. 4 டிகிரி வெப்பநிலையில் 40 பார் அளவுக்கு மேல் மீத்தேனும் நீரும் சேர்ந்து பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட்டாக உறையும். இதைச் சந்தேகித்தால் அழுத்தத்தால் தள்ள முயலாமல் கிளைக்காலையோ மெத்தனாலையோ செலுத்திக் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, நாமே செய்துகொள்வது. நின்ற நாள்களில் தொட்டியிலும் குழாயிலும் தேங்கிய நீர் நுண்ணுயிர்ப் பண்ணையாகிவிடும். உரிமத்தில் இடமிருக்கும் வகையில் அந்த முதல் நீரைக் கடலுக்கே விட்டு, குளோரின் எச்சம் வெளிவாயில் நிலைத்த பிறகே கிணற்று வால்வைத் திறக்க வேண்டும். இலக்கு அளவை அன்றே எட்ட வேண்டும் என்ற அவசரத்தில் இந்த ஒரு மணி நேரம் விட்டுக்கொடுக்கப்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அறிகுறி: உற்பத்திக் கிணற்றில் ஹைட்ரஜன் சல்பைடு தோன்றுகிறது

இது நிலையத்தின் திரையில் வராது. எண்ணெய் எடுக்கும் பக்கத்திலிருந்து, ஓர் அறிக்கையின் ஓரத்தில், சிறு எண்ணாக வரும். சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியா, செலுத்திய நீரிலுள்ள சல்பேட்டை உண்டு இந்த நச்சு வாயுவை வெளியிடுகிறது. 1 மில்லிகிராம் சல்பேட் முழுதும் மாறினால் 0.35 மில்லிகிராம் ஹைட்ரஜன் சல்பைடு கிடைக்கும். அதாவது பதப்படுத்தாத கடல்நீரின் ஒரு லிட்டருக்குள் கோட்பாட்டளவில் 950 மில்லிகிராம் வரை ஒளிந்திருக்கிறது. சல்பேட்டை 40 மில்லிகிராமுக்கு இறக்கிய நீரில் அது 14 மில்லிகிராம்தான்.

செலுத்திய நீரே உற்பத்திக் கிணற்றை எட்டிவிட்டதா என்று முதலில் பாருங்கள்; உற்பத்தி நீரில் சல்பேட்டும் மக்னீசியமும் கூடியிருந்தால் எட்டிவிட்டது. பிறகு அந்த நீர் எப்போது செலுத்தப்பட்டது என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, அந்த மாதங்களின் குளோரின் பதிவையும் சவ்வுப் பதிவையும் எடுத்துப் பாருங்கள். எச்சம் இல்லாமல் ஓடிய நாள்கள், சவ்வைத் தவிர்த்துச் சுற்றுவழியில் நீர் போன நாள்கள், நிறுத்தத்துக்குப் பின் கழுவாமல் தொடங்கிய நாள்கள் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். கிணற்றடியில் குடியேறிவிட்ட நுண்ணுயிரை முழுதாக அகற்ற வழி கிடையாது. நைட்ரேட்டைத் தொடர்ந்து செலுத்தி வேறு வகை நுண்ணுயிரை அதோடு போட்டியிடச் செய்து அடக்கி வைக்கலாம். அதை இடையில் நிறுத்தினால் ஹைட்ரஜன் சல்பைடு மீண்டும் தலைதூக்கும். உற்பத்திக் கிணற்றின் குழாய் எஃகு இந்த வாயுவைத் தாங்கும் தரத்ததா என்பதை அன்றைக்கே உற்பத்திப் பிரிவிடம் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். தாங்காது என்றால், கிணற்றை மூடும் முடிவு அவர்கள் கையில் இருக்கிறது, தகவலை நேரத்தில் கொடுக்கும் பொறுப்பு நம் கையில் இருக்கிறது.